லினக்ஸில் டச்பேட் வேலை செய்யவில்லையா? டிரைவரைத் தேடும் முன் இதைப் பாருங்கள்

டச்பேட் நின்றுபோனதும் பலர் மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்தில் டிரைவர் தேடிக் களைத்துப்போகிறார்கள். லினக்ஸில் அது தேவையே இல்லை. டச்பேட் டிரைவர் பெரும்பாலும் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோடு சேர்ந்தே வருகிறது. கர்னல் தரும் விரல் அசைவைக் கர்சர் நகர்வாகவும் ஸ்க்ராலாகவும் மாற்றித் தருவது லிப்இன்புட் என்ற மென்பொருள். கோளாறு இந்த இரண்டில் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

முதலில் ஒரு யுஎஸ்பி மவுஸைச் செருகிக்கொள்ளுங்கள். கீழே கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன்; டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

படி 1: எளியவற்றை முடித்துவிடுங்கள்

விசைப்பலகையின் மேல்வரிசையில் டச்பேட் படம் போட்ட விசை இருக்கிறதா? எஃப்என் விசையோடு சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள். கை தவறி அணைந்திருக்கலாம். அப்புறம் செட்டிங்ஸில் டச்பேட் பகுதியைப் பாருங்கள். அழுத்தினால் கிளிக் ஆகிறது, லேசாகத் தட்டினால் ஆகவில்லை என்றால் அது டிரைவர் கோளாறே அல்ல. 'டேப் டு கிளிக்' அணைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படி 2: கணினிக்கு டச்பேட் தெரிகிறதா?

சூடோ லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ்

கட்டளை இல்லை என்று வந்தால், உபுண்டுவில் லிப்இன்புட்-டூல்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். வரும் பட்டியலில் ஒவ்வொரு சாதனத்தின் பெயரையும் நிதானமாகப் படியுங்கள். 'டச்பேட்' என்று முடியும் பெயர் இருந்து, அதன் கீழே கேப்பபிலிட்டிஸ் வரியில் 'பாயின்டர் ஜெஸ்சர்' என்றும் இருந்தால் கர்னல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதற்குப் பதிலாக 'பிஎஸ்/2 ஜெனரிக் மவுஸ்' மட்டும் இருந்தால், கர்னல் டச்பேடைச் சாதாரண மவுஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கர்சர் நகரும், ஆனால் இரண்டு விரல் ஸ்க்ரால் வராது. இரண்டுமே இல்லையென்றால் பெரும்பாலும் கர்னலுக்கு டச்பேட் தென்படவே இல்லை.

படி 3: பட்டியலில் இருந்தும் சரியாக இயங்கவில்லை என்றால்

பழைய வழிகாட்டிகளைப் படித்து சினாப்டிக்ஸ் டிரைவரை நிறுவியிருக்கிறீர்களா? எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் அது லிப்இன்புட்டை ஓரங்கட்டிவிடும். செட்டிங்ஸில் டச்பேட் தேர்வுகளே காணாமல் போகலாம். எக்ஸ்சர்வர்-எக்ஸ்ஆர்க்-இன்புட்-சினாப்டிக்ஸ் தொகுப்பை நீக்கிவிட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.

மடிக்கணினி தூங்கி எழுந்தபின் மட்டும் டச்பேட் செத்துப்போகிறது என்றால் டிரைவர் மாட்யூலை இறக்கி ஏற்றுங்கள்:

சூடோ மோட்ப்ரோப் -ஆர் பிஎஸ்மவுஸ்
சூடோ மோட்ப்ரோப் பிஎஸ்மவுஸ்

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டச்பேட் ஐ2சி என்ற உள் இணைப்பு வழியாக இணைந்திருக்கும். அவற்றில் பிஎஸ்மவுஸுக்குப் பதில் ஐ2சி_ஹெச்ஐடி_ஏசிபிஐ என்று அடியுங்கள்.

படி 4: கர்னலுக்கே தெரியவில்லை, அல்லது மவுஸ் என்று நினைக்கிறது

நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு நின்றது என்றால் புதிய கர்னலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கணினி தொடங்கும்போது எந்தக் கர்னலில் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வேலை செய்தால், சரியான திருத்தம் வரும்வரை அதிலேயே இருங்கள். மாறாக, புத்தம் புதிய மடிக்கணினியில் பழைய பதிப்பு லினக்ஸ் போட்டிருந்தால் புதிய கர்னல்தான் மருந்து. புதிய பதிப்பை லைவ் யுஎஸ்பியில் ஓட்டிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்; எதையும் நிறுவ வேண்டியதில்லை. அதிலும் அசைவில்லை என்றால் பயாஸில் (லினக்ஸ் தொடங்கும் முன் வரும் மடிக்கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) டச்பேட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில மடிக்கணினிகளில் அங்கே 'பேசிக்', 'அட்வான்ஸ்டு' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிச் சேமித்து, திரும்பவும் படி 2-இன் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.