பில்லிங் மென்பொருள் வாங்கும்போது பொறுப்பை எழுதி வாங்குவது எப்படி

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் என் மைத்துனர் ஒரு திங்கட்கிழமை காலையில் கடைக் கணினியைத் திறந்தபோது, மூன்று ஆண்டுக் கணக்கும் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் அறிவிப்பு மட்டுமே திரையில் நின்றது. பில்லிங் மென்பொருளை விற்றவர் தம் வாடிக்கையாளர் அனைவரின் கணினியிலும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தார் என்பதும், அதன் ஆபத்தை முன்பே அறிந்தும் மாற்றாமல் விட்டார் என்பதும் பிறகுதான் தெரியவந்தது. ஆனால் நிறுவும்போது படிக்காமல் அழுத்திய ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானுக்குப் பின்னால், எந்த இழப்புக்கும் தாம் பொறுப்பல்ல என்று அவர் எழுதி வைத்திருந்தார்.

இத்தகைய இழப்புக்கு மென்பொருள் செய்பவரே சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளைச் செய்தவரிடம் இழப்பீடு கோரும் உரிமையைத் தருகிறது. ஆனால் ‘பொருள்’ என்பதற்கு அது தரும் விளக்கத்தில் மென்பொருள் என்ற சொல் இல்லை. கடையில் விற்கப்படும் மென்பொருளும் சரக்கே என்று உச்ச நீதிமன்றம் 2004இல் கூறியது துணைநிற்கும் என்றாலும், அது விற்பனை வரி வழக்கில் வந்த தீர்ப்பு. ஐரோப்பிய ஒன்றியமோ மென்பொருளும் பொருளே என்று வெளிப்படையாக எழுதிய புதிய விதியை 2026 டிசம்பர் 9 முதல் நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. நம் சட்டத்தில் அந்தத் தெளிவு வரும்வரை, பணம் கொடுக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வாங்குவதே வழி.

குறையே இராது என்ற உறுதிமொழியைக் கேட்க வேண்டாம். நேர்மையான எவரும் அதில் கையெழுத்திட முடியாது. குறை தெரிந்த பின் அவர் என்ன செய்வார் என்பதையே எழுதச் சொல்லுங்கள். ஆபத்தான குறை தெரிந்தால் எத்தனை மணி நேரத்தில் நமக்குச் சொல்வார், எத்தனை நாளில் சரிசெய்வார், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கட்டாதவருக்கும் அந்தத் திருத்தத்தை இலவசமாகத் தருவாரா, எத்தனை ஆண்டுகள் தருவார் என்பவை ஒவ்வொன்றும் எண்ணாகத் தாளில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும் என்பதையும், நம் அனுமதியின்றித் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையக்கூடாது என்பதையும் சேருங்கள்.

இழப்பீட்டுத் தொகையை எழுதும்போது நிதானம் தேவை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் வழங்கும் என்பதால், குறைத்து எழுதினால் அதுவே உச்சவரம்பாகிவிடும். அதே சமயம், தக்கலையிலோ வடசேரியிலோ இருவர் மூவராகச் சேர்ந்து மென்பொருள் எழுதும் இளைஞர்கள் ஒரே வழக்கில் அழிந்துபோகும் அளவுக்குக் கேட்பதும் நியாயமன்று. வழக்கு சென்னையில் அல்லது பெங்களூரில்தான் நடக்கும் என்ற வரி இருந்தால் அதை அடித்து, நாகர்கோவில் என்று எழுதச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவி, கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை தாக்குதலைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது; நிறுவாமல் விட்டவர்களே பெரும்பாலும் சிக்கினார்கள். திருத்தம் நிறுவிய தேதிகளை ஒரு நோட்டில் குறித்து, கணக்கின் நகலைத் தனி வன்தட்டில் எடுத்து, நகல் எடுத்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு தாக்குதல் நடந்துவிட்டால், கணினியை ஃபார்மெட் செய்யாதீர்கள். என் மைத்துனர் அன்று மாலையே அதைச் செய்ததால், யார் வழியாக நுழைந்தார்கள் என்பதற்கான தடயம் முழுவதும் அழிந்தது. விற்றவரும் அதன் பிறகே துணிந்து மறுத்தார். இணைய இணைப்பைத் துண்டித்து, திரையைப் படமெடுத்து, வன்தட்டை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, வங்கிப் பணம் போயிருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28ஆம் நாள் உத்தரவு. விற்றவருக்கு நடந்ததை எழுதி, ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். மென்பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்ற மறுப்பு நிச்சயம் எழும் என்பதால், சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்தும் கடை என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பலர் வேலை செய்யும் முந்திரி ஆலை போன்றவற்றுக்கு உரிமையியல் நீதிமன்றமே பொருத்தம்.

என் மைத்துனர் இப்போது பயன்படுத்தும் மென்பொருளைத் தக்கலை இளைஞர் ஒருவர் தந்திருக்கிறார். இரண்டு பக்க ஒப்பந்தத்தை முழுவதும் படித்த அந்த இளைஞர், குறையைச் சரிசெய்ய 7 நாள் என்றிருந்த இடத்தை 10 நாள் என்று திருத்தக் கேட்டு, திருத்திய இடத்தில் சிறுகையெழுத்திட்ட பிறகே முன்பணத்தைப் பெற்றுக்கொண்டார்.