பெட்ரோல் செலவைக் குறைக்க: வண்டியை மாற்றும் முன் கணக்கை எழுதுங்கள்

பெட்ரோல் பங்க்கில் நம்மில் பெரும்பாலோர் லிட்டர் கணக்கில் கேட்பதில்லை. "இருநூறு ரூபாய்க்குப் போடுங்க" என்றுதான் சொல்கிறோம். இந்தப் பழக்கத்தால் விலை ஏறும்போது கொடுக்கும் தொகை மாறுவதில்லை, பங்க்குக்குப் போகும் நாள்கள்தான் சத்தமில்லாமல் நெருங்கிவருகின்றன. ஆகவே செலவைக் குறைக்க நினைப்பவர், புதிய வண்டி தேடுவதற்கு முன்பாக, கையிலுள்ள வண்டி ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு விழுங்குகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒருமுறை டேங்கை நிரப்பச் சொல்லி, குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிட்டு, ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓட்டிய பின், அதே பங்க்கில் மீண்டும் நிரப்பும்போது பில்லில் வரும் லிட்டரால் இடையில் ஓடிய தூரத்தை வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டருக்கு, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 20 காசு ஆகும். நகர நெரிசலில் 14 கிலோமீட்டர் தரும் காருக்கு 7 ரூபாய் ஆகும். இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் எடுக்கும் எந்த முடிவும் ஊகமே.

விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா? சென்னையில் பெட்ரோல் 2021 ஜூலையில் 100 ரூபாயைத் தாண்டியது. அடுத்த மாதமே மாநில அரசு தன் வரியில் 3 ரூபாயைக் குறைத்தது; ஒன்றிய அரசு கலால் வரியில் அந்த நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் குறைத்தது; 2024 மார்ச்சில் சில்லறை விலையிலும் 2 ரூபாய் குறைந்தது. இத்தனை குறைப்புக்குப் பிறகும் விலை நூறை ஒட்டியே நின்றது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் காலை 6 மணிக்கு விலையை மாற்றியமைக்கும் முறை நாடு முழுவதும் நடைமுறையில் இருந்தாலும், மாதக்கணக்கில் அந்த எண் அசையாமல் இருந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். கலால் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக விதிக்கப்படுவதால், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தாலும் வரியின் பங்கு சேர்ந்து சரிவதில்லை. எனவே விலையை நம் கைக்கு அப்பாற்பட்டதாக வைத்துவிட்டு, கிலோமீட்டரைக் குறைப்பதே நம்மால் ஆகிற காரியம்.

அதற்கு ஒரு சிறு நோட்டு போதும். ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் எங்கே, எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், என்ன சுமை என்று நான்கே சொற்களில் எழுதுங்கள். மாத முடிவில் அந்தப் பக்கங்களைப் பார்த்தால், அலுவலகப் பயணத்தைத் தவிர்த்த மற்றவை பெரும்பாலும் பால், காய்கறி, மருந்துக்கடை, டியூஷன் என்று மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுவதைக் காண்பீர்கள். என் நோட்டில் கறிவேப்பிலைக்காக மட்டும் வண்டி எடுத்த நாள்கள் நான்கு இருந்தன. வீட்டில் அதைப் படித்துக் காட்டியபோது எழுந்த சிரிப்பை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட பயணங்களில் எஞ்சின் சூடாகும் முன்பே வண்டி நின்றுவிடுவதால், தூரத்துக்கு ஒப்பிட்டால் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகிறது. ஒரு கிலோமீட்டர் வரை நடையும், ஐந்து கிலோமீட்டர் வரை முன்கூடை பொருத்திய சாதாரண சைக்கிளும் போதுமானவை. கியர் வைத்த விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை; மட்கார்டும் ஸ்டாண்டும் நல்ல பூட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாள்தோறும் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில் போகிறவர்களுக்குப் பொதுப் போக்குவரத்தைவிட மலிவான வழி இல்லை. சென்னையில் தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை மின்சார ரயிலில் போக ஆகும் கட்டணம் ஒரு டீயின் விலையை ஒட்டியது. மாதச் சீசன் டிக்கெட் எடுத்தால் அதுவும் இன்னும் குறையும். மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாயும் அதிகபட்சம் 50 ரூபாயும் கட்டணமாக உள்ளது. பயண அட்டையிலோ கைப்பேசி டிக்கெட்டிலோ 20 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கிறது. மாநகரப் பேருந்தில் குளிர்சாதனமில்லாத பேருந்துகள் அனைத்துக்கும் செல்லும் 1,000 ரூபாய் மாதப் பாஸ் உண்டு; சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமே இல்லை. இருந்தும் பலர் வண்டியை விடாததற்குக் காரணம், வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு கிலோமீட்டர்தான். அதை மட்டும் ஸ்கூட்டரில் கடந்து, நிலைய நிறுத்தத்தில் வண்டியை விட்டுச் செல்லுங்கள். முப்பது கிலோமீட்டர் ஓட வேண்டிய வண்டி நான்கு கிலோமீட்டரோடு நின்றுகொள்ளும். வாரம் ஐந்து நாளும் முடியாவிட்டால் மூன்று நாள் போதும், ஆனால் சீசன் டிக்கெட் எடுக்கும் முன் அந்த மூன்று நாள் கணக்குக்கு அது கட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மின்சார ஸ்கூட்டர். இதில்தான் ஆசையும் கணக்கும் அடிக்கடி மோதிக்கொள்கின்றன. பொதுவாக நூறு கிலோமீட்டர் ஓட, சுவர் பிளக்கிலிருந்து மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். நாளுக்கு 30 கிலோமீட்டர் வீதம் மாதத்தில் 25 நாள் ஓடினால் 750 கிலோமீட்டர். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ 1,670 ரூபாய், மின் ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ 26 யூனிட். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாத மின்பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை போய்விடும் என்பதை விற்பனையாளர் சொல்ல மாட்டார். 2022 செப்டம்பர் கட்டண விகிதப்படி பார்த்தால், இரண்டு மாதத்தில் 470 யூனிட் ஓடிய வீட்டில் ஸ்கூட்டரின் இரண்டு மாத 52 யூனிட் சேர்ந்தால் பில் 1,545 ரூபாயிலிருந்து 2,126 ரூபாயாகிறது. அதாவது மாதத்துக்கு 290 ரூபாய் கூடுதல். விகிதம் பின்னர் சற்று உயர்ந்திருப்பதால் உங்கள் இபி பில்லை வைத்தே கணக்கிடுங்கள். அப்படியும் மாதம் 1,300 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும் என்பது உண்மையே.

எனினும், நாளுக்குப் பத்து கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிறவருக்கு மாத மிச்சம் 450 ரூபாயைச் சுற்றியே இருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியை விற்று, மேலே 90,000 ரூபாய் போட்டு மின் ஸ்கூட்டர் வாங்கினால், போட்ட பணம் திரும்பப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் பேட்டரியையே மாற்ற வேண்டி வரலாம். அதிகம் ஓடாதவர் மின்வண்டிக்கு மாறுவது சிக்கனமாகாது என்பதே என் கருத்து. எப்படியும் புது வண்டி வாங்கத்தான் வேண்டும் என்ற நிலையிலும், நாளுக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் நிலையிலும் தயங்காமல் வாங்கலாம்.

வாங்கும் முன், சார்ஜ் போடும் இடத்தை உறுதிசெய்யுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர் வாகன நிறுத்துமிடத்துக்குத் தன் மீட்டரிலிருந்து தனி இணைப்பு இழுக்கக் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது நல்லது. எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக்கை எலக்ட்ரீஷியன் பொருத்தட்டும், எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடவே கூடாது. மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவருக்குக் கழற்றி எடுத்துச் செல்லும் பேட்டரி உள்ள வண்டியே பொருந்தும். பேட்டரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை விழுக்காடு திறன் குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றையும் அச்சில் பாருங்கள். மழைவெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்தால், காய்ந்துவிட்டதே என்று சார்ஜில் போடாமல் சர்வீஸ் ஆளை வரவழையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, பெட்ரோலிலேயே ஓட வேண்டிய பயணங்கள் சில மிஞ்சும். அவற்றுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன், இரு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது வண்டியிலேயோ கையேட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் சிக்னலில் எஞ்சினை அணைத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேங்கை நிரப்பி மைலேஜைத் திரும்ப அளந்து பாருங்கள். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் சிறு இறக்கம் இயல்பே, ஆனால் 45 திடீரென 38 ஆனால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.