மலையேற்றத்தில் கணக்குத் தப்பும் இடங்கள்

"போன டிசம்பர்லதான் பசங்க போயிட்டு வந்தாங்க, ஒண்ணும் ஆகலை." மலையேறக் கிளம்புகிறவர்கள் இதை நம்பித்தான் பையைத் தூக்குகிறார்கள். டிசம்பரில் பச்சையாக இருந்த புல், மார்ச்சில் காய்ந்து சருகாகிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது, அதன் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. அந்த வேகத்தை ஓடி முந்த முடியாது. ஆகவே, தீக்காலத்தில் வனத்துறை பாதையை மூடினால் அதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். யாரையாவது பிடித்துத் திருட்டுத்தனமாக உள்ளே போனால், நீங்கள் காட்டில் இருப்பதே மீட்க வேண்டியவர்களுக்குத் தெரியாது.

அடுத்த தவறு, வழுக்குமா வழுக்காதா என்று மட்டும் யோசிப்பது. பாசி படிந்த பாறை ஓடையோரத்தில் இருந்தால் முழங்கை சிராய்க்கும். அதே பாறை அருவியின் தலைப்பில் இருந்தால் உயிர் போகும். வழுக்கினால் எங்கே போய் விழுவோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது, 'இவ்வளவு தூரம் வந்தாச்சே' என்ற எண்ணம். 1996 மே 10, எவரெஸ்ட். பிற்பகல் 2 மணிக்கு மேல் ஏறக்கூடாது என்பது அங்கே பரவலாகப் பேசப்பட்ட கெடு. அனுபவம் மிக்க வழிகாட்டி ராப் ஹால், முந்தைய ஆண்டு தன் குழுவில் ஏறிய வாடிக்கையாளர் டக் ஹான்சனை உச்சிக்குச் சற்றுக் கீழே இருந்து திருப்பி அழைத்து வந்தவர். இந்த முறை ஹான்சன் உச்சியைத் தொட்டபோது மணி 4-ஐத் தாண்டியிருந்தது. இருவரும் திரும்பவில்லை. அன்று வீசிய புயலில் மலையின் இரு பக்கமும் சேர்த்து 8 பேர் இறந்தார்கள்.

நம் மலைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். முக்கால்வாசி ஏறியவருக்குச் சோலைக்காடு, ஓடை, குளிர்காற்று எல்லாம் ஏற்கெனவே கிடைத்துவிட்டன. மீதிக் கால்வாசியில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு புகைப்படம்தான். ஆனால் களைத்த முழங்காலும் தீர்ந்துபோன தண்ணீரும் மங்கும் வெளிச்சமும் சேர்வது அங்கேதான். செலவழித்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல், இனி ஏற வேண்டிய தூரத்தை மட்டும் எடைபோடுங்கள்.

திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே, எல்லோர் காதிலும் விழும்படி முடிவு செய்யுங்கள். மரங்களுக்கடியில் சூரியன் மறையும் முன்பே இருட்டிவிடும். இறங்கவும் ஏறிய அளவு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாதியானாலும் திரும்ப வேண்டியதுதான். 'போதும்' என்று சொல்லும் உரிமையைக் குழுவில் மெதுவாக நடப்பவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று அவர் வாயே திறக்கமாட்டார்.