கோர்ட்டுக்குப் போகாமல் ஃபைன் கட்டுவது எப்படி, எப்போது கட்டக்கூடாது: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து ஆட்களுக்கு

தபாலில் வந்த காமிரா நோட்டீஸ் ஒன்று. ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் கையில் கொடுத்த ஜே534 தாள், அதாவது கோர்ட்டுக்கு வரச் சொல்லும் எழுத்து நோட்டீஸ், ஒன்று. இரண்டிலும் ஒரு தொகை போட்டிருக்கும், இரண்டிலும் இதைக் கட்டினால் மாஜிஸ்டிரேட் முன்னால் நிற்க வேண்டாம் என்கிற பொருளில் ஏதோ எழுதியிருக்கும். நம் ஆட்கள் இரண்டையும் 'ஃபைன்' என்ற ஒரே சொல்லில் அடக்கி, கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஒன்றில் விஷயம் அதோடு முடிந்தது. இன்னொன்றில் நான் குற்றம் செய்தேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். என் அக்கா வீட்டில் இந்த வித்தியாசம் தெரியாமல் போனதால் ஒரு பையனின் வேலையே போனது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கிற வழி நல்ல வழிதான். ரோபோவில், அதாவது டிராஃபிக் சிக்னலில், சிவப்பு விழுந்தபிறகு தாண்டியதற்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு சாட்ஸ்வர்த் கோர்ட் பெஞ்சிலோ வெருலம் கோர்ட் பெஞ்சிலோ உட்கார்ந்திருக்க யாருக்கும் நேரமில்லை. என்ன தாள் என்று தெரிந்து கட்டுங்கள் என்பது மட்டும்தான் நான் சொல்வது.

தாள் கைக்கு வந்ததும் தொகையைப் பார்க்காதீர்கள், பிரிவு எண்ணைத் தேடுங்கள். 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 341, 54, 56, 57 என்று நான்கு எண்களைத் தெரிந்துவைத்தால் போதும்.

341 என்று இருந்தால் மூச்சு விடலாம். காமிராவில் பிடித்த வேகம், தப்பான இடத்தில் பார்க்கிங் போன்றவை பெரும்பாலும் இதில்தான் வரும். நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் அதில் உள்ள தொகையைக் கட்டினால் உங்கள் மேல் வழக்குத் தொடரமாட்டார்கள். வழக்கே இல்லை என்றால் தீர்ப்பும் இல்லை. 30 நாளைக் கோட்டைவிட்டால் அடுத்து 54-ஆம் பிரிவில் சம்மன் வரும், அதில் கோர்ட் நாள் குறித்திருக்கும். சம்மன் உங்கள் கைக்கு வந்ததற்கும் கோர்ட் நாளுக்கும் நடுவில் ஞாயிறும் அரசு விடுமுறையும் போக 14 நாளாவது இருக்க வேண்டும். ஆகவே வாங்கிய தேதியை அந்தத் தாளிலேயே ஒரு மூலையில் எழுதிவையுங்கள்.

56 என்றால் அதிகாரி உங்களை நிறுத்தி நேரில் கொடுத்தது. இதில் இரண்டு தேதி இருக்கும், இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். முதலாவது பணம் கட்டக் கடைசி நாள். இரண்டாவது, கட்டாவிட்டால் கோர்ட்டில் நிற்க வேண்டிய நாள். முதல் தேதி தாண்டிவிட்டால் எல்லாம் போயிற்று என்று தாளை டிராயரில் போட்டுவிடாதீர்கள். கோர்ட் நாளுக்கு முன்னால் கிளார்க்கிடம் போய்க் கேளுங்கள், தேதி கடந்தபிறகும் வாங்கிக்கொள்ள அவருக்கு வழி உண்டு. பணமும் கட்டாமல் கோர்ட் நாளில் போகவும் இல்லை என்றால் வாரண்ட் போடுவார்கள். அது எங்கே முட்டும் என்றால், ஏதோ ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிற வழியில் ரோடு பிளாக்கில் முட்டும், இல்லையென்றால் காரின் டிஸ்க்கை, அதாவது கண்ணாடியில் ஒட்டும் வருட லைசென்ஸ் வில்லையை, புதுப்பிக்கப் போன கவுண்ட்டரில் முட்டும்.

சில தாளில் தொகை இருக்க வேண்டிய இடத்தில் 'நோ அட்மிஷன் ஆஃப் கில்ட்' (குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்ட வழியில்லை) என்று எழுதியிருப்பார்கள். அப்படியென்றால் பணம் கட்டி முடிக்க முடியாது, நேரில் போகத்தான் வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியது, கண்மண் தெரியாத வேகத்தில் போனது எல்லாம் அந்த வகை. அதற்குக் குறுக்கு வழி தேடாமல் வக்கீலோடு போங்கள்.

தொகை அதிகம், அல்லது உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றால் கடைசி நாளுக்கு முன்பே பப்ளிக் பிராசிக்யூட்டருக்கு ஒரு கடிதம் எழுதலாம். இதை 'ரெப்ரசன்டேஷன்' என்பார்கள். வக்கீல் வேண்டாம், காசும் வேண்டாம். நல்ல காரணம் இருந்தால் தொகையைக் குறைக்க பிராசிக்யூட்டருக்கு அதிகாரம் உண்டு, சில சமயம் நோட்டீஸையே திரும்பப் பெறுவார்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. நோட்டீஸ் எண், வண்டி எண், தேதி, என்ன நடந்தது, என்ன கேட்கிறீர்கள், அவ்வளவுதான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அவசரம் என்றால் ஆஸ்பத்திரித் தாளின் நகலை இணையுங்கள். பென்ஷன் மட்டும்தான் வருமானம் என்றால் அதையும் காட்டுங்கள், கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. நகல் ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை கோர்ட் நாள் தானாகத் தள்ளிப்போகாது, அந்த நாள் நெருங்கியும் பதில் இல்லை என்றால் நேரில் போய் விசாரியுங்கள்.

நம் வீடுகளில் கார் ஒருவர் பேரில் இருக்கும், ஓட்டுவது இன்னொருவராக இருக்கும். அப்பா பேரில் இருக்கிற பக்கியை (பிக்கப் வண்டியை) மூன்று பிள்ளைகளும் மாறிமாறி எடுப்பார்கள். காமிராவுக்கு எண் பலகை மட்டும்தான் தெரியும், 1996-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வேறு யாரோ ஓட்டியதாக நீங்கள் காட்டாதவரை, உரிமையாளரே ஓட்டினார் என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஓட்டியவர் பெயர், ஐடி எண், முகவரி எழுதி ஒரு அஃபிடவிட் கொடுத்து நோட்டீஸை அவர் பேருக்கு மாற்றச் சொல்லுங்கள். அஃபிடவிட்டில் போலீஸ் ஸ்டேஷனிலேயே காசில்லாமல் முத்திரை வைத்துத் தருவார்கள். எழுபது வயது அப்பா பேரில் வாரண்ட் வருகிறவரை விட்டுவைக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அது சரியில்லை.

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் போய் மாட்டினால் நடைமுறை வேறு. அங்கே ஆர்ட்டோ என்கிற சட்டம் ஓடுகிறது. 2008-இலிருந்து அந்த இரண்டு ஊர்களில் இருக்கிறது, அது செல்லும் என்று 2023 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த நோட்டீஸை 32 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகைதான், ஆட்சேபிப்பதும் அதே 32 நாளுக்குள்தான். விட்டுவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு நினைவூட்டல் கடிதம் வரும், அப்புறம் டிஸ்க்கையும் லைசென்ஸையும் புதுப்பிக்க விடாமல் ஒரு உத்தரவு வரும். கடிதம் உங்கள் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தால் இது எதுவுமே உங்களுக்குத் தெரியாது. வீடு மாறியவர்கள் முகவரியை மாற்றுங்கள்.

இனி ஸ்டேஷன் விஷயம். பாக்கி வைத்த 57-ஆம் எண் இங்கே வருகிறது.

என் அக்கா மகன், அப்போது இருபத்திரண்டு வயது. 2017-இல் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கல்யாண ஹாலில் இரண்டு பக்கத்துப் பையன்களுக்கும் தள்ளுமுள்ளு. ஒருவன் உதடு கிழிந்தது, யாரோ போலீஸைக் கூப்பிட்டார்கள், இவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கைரேகை எடுத்தார்கள். பிறகு ஒரு அதிகாரி, ஐந்நூறு ராண்ட் கட்டினால் இப்போதே வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் திங்கள்கிழமை வரை உள்ளேதான் என்றார். அக்கா பர்ஸில் இருந்ததை எண்ணிக் கொடுத்து, நல்லவேளை இதோடு போயிற்று என்று பையனைக் கூட்டி வந்தாள். அது பெயில் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. நான்கு வருடம் கழித்து வெளிநாட்டில் ஆசிரியர் வேலை கிடைத்து, குற்றப் பதிவு எதுவும் இல்லை என்று காட்டும் போலீஸ் கிளியரன்ஸுக்கு விண்ணப்பித்தபோது தாளில் வந்து நின்றது: தாக்குதல், குற்றவாளி. வேலை போயிற்று.

அவன் கட்டியது 57-ஆம் பிரிவின்படி குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் பணம். அதைக் கட்டியதும் கோர்ட் கிளார்க் குற்றப் பதிவேட்டில் எழுதுவார், சட்டப்படி நீங்கள் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர் ஆகிவிடுகிறீர்கள். மாஜிஸ்டிரேட் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, தாளை மட்டும் பார்க்கிறார். சாதாரணப் போக்குவரத்து நோட்டீஸில் கைரேகை எடுப்பதில்லை, அதனால் அது கிளியரன்ஸ் வரை வருவதில்லை. ஸ்டேஷனில் விரலை மையில் வைத்தபிறகு கட்டும் பணம் அப்படி இல்லை. 2020 ஊரடங்கில் கடற்கரைக்குப் போனதற்கும் கூட்டம் கூடியதற்கும் இப்படிக் கட்டிய பலர் பின்னால்தான் தங்கள் பேரில் பதிவு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2024-இல் சட்டத்தைத் திருத்திச் சிறு விஷயங்களுக்குக் கொஞ்சம் நிவாரணம் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் உங்கள் விஷயம் அதில் அடங்கும் என்று நீங்களாகவே முடிவு கட்டிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது? ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது பெயிலா, அட்மிஷன் ஆஃப் கில்ட்டா? பெயில் என்றால் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வரலாம், குற்றம் ஒப்புக்கொண்டதாக ஆகாது, வழக்கு நாளில் போய் உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். சிறு குற்றங்களுக்கு, கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே ஸ்டேஷனிலேயே பெயில் கொடுக்கப் போலீஸுக்கு 59-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. ஆகவே போலீஸ் பெயில் கேட்கிறேன் என்று வாயைத் திறந்து கேளுங்கள். பணமே இல்லாமல், குறித்த நாளில் கோர்ட்டுக்கு வருகிறேன் என்று எச்சரிக்கையின் பேரில் விடச் சொல்லியும் கேட்கலாம். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும், அந்த நேரம் வாரக் கடைசியில் முடிந்தால் அடுத்த கோர்ட் நாளில் நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி பயமுறுத்தல் அதனால்தான் பலிக்கிறது. பெற்ற வயிறு துடிக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் கையெழுத்துக்கு முன், இலவசச் சட்ட உதவி தரும் லீகல் எய்டை 0800 110 110-இல் கூப்பிடுங்கள், அது கட்டணமில்லா எண். ராத்திரி எடுக்கவில்லை என்றால் தெரிந்த வக்கீல் யாரையாவது எழுப்புங்கள், காலையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆங்கிலம் தடுமாறுகிற பெரியவர்கள் என்றால், புரியாத தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. வழக்கு என்று வந்தால் புரிகிற மொழியில் விசாரணை, இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர், இரண்டில் ஒன்று கிடைக்க வேண்டும் என்று 35-ஆம் பிரிவில் சொல்கிற அதே அரசியல் சாசனம், 6-ஆம் பிரிவில் மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

கடையில் சின்னப் பொருள் எடுத்து மாட்டிய முதல் தடவை என்றால் டைவர்ஷன் இருக்கிறது. பிராசிக்யூட்டர் சம்மதித்தால் நிக்ரோ மாதிரி அமைப்பு நடத்தும் வகுப்புகளுக்குப் போய் முடிக்கலாம், முடித்தால் வழக்கைத் திரும்பப் பெறுவார்கள். ஐந்நூறு ராண்ட் கட்டி ராத்திரியே வீட்டுக்குப் போகிறவனுக்கு இதைக் கேட்கும் வாய்ப்பே வருவதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் 2008-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி வேறு பாதை, பெற்றோர் உடனே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. என்ன தாள் என்று யாரும் விளக்கவில்லை, பின்விளைவு தெரியாமல் கட்டினேன் என்று காட்ட முடிந்தால் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யலாம், மேற்கு கேப் உயர்நீதிமன்றம் அப்படிச் செய்திருக்கிறது. அதற்கு வக்கீலும் செலவும் வேண்டும். இல்லையென்றால் பத்து வருடம், நடுவில் ஃபைன் கட்டித் தப்ப வழியில்லாத சிறைத் தண்டனை எதுவும் வாங்காமல் கழித்து, 271பி பிரிவின்படி பதிவை நீக்கச் சொல்லி அரசின் நீதி இலாகாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் கூடவே போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் வைக்க வேண்டும், அதற்குக் காசு உண்டு, நாளும் பிடிக்கும்.

அக்கா மகன் வக்கீல் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு இரண்டாவது வழியை எடுத்தான். அந்த ஐந்நூறு ராண்ட் ரசீது இன்னும் அக்காவின் பீரோவில் இருக்கிறது, எழுத்து பாதி மங்கிவிட்டது. வழக்கு எண், கோர்ட் பெயர், கட்டிய தேதி எல்லாம் விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று போன வாரம்தான் அதை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ பிடித்தோம். உங்கள் ரசீதை இன்றைக்கே பிடித்துவையுங்கள்.