முதல் வரிசை வேண்டாம்: ராக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவோருக்கு

மேடைக்கு முன்னால் இருக்கும் இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் முதன்முதலாகப் பார்த்த கச்சேரியில், பாடகர் வாயசைப்பது தெரிந்தது, பாட்டு கேட்கவில்லை. ஆறு மணி நேரம் கால்கடுக்க வரிசையில் நின்று பிடித்த இடம் அது. எனக்கு நேர் எதிரே பேஸ் கிட்டார்காரரின் ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி. எந்தப் பாட்டு வாசித்தாலும் எனக்குக் கிடைத்தது விலாவில் இடிக்கும் ‘தும் தும்’ மட்டும்தான். கிட்டார்காரரின் விரல்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் இது கிட்டார் சோலோ, அவர் தனித்து வாசிக்கும் பகுதி என்று புரிந்துகொண்டேன். கூட வந்த நண்பன் பாதி விலை டிக்கெட்டில் பின்னால் நின்றிருந்தான். வெளியே வந்ததும், “என்ன குரல்டா அது!” என்றான். நான் வாயைத் திறக்கவில்லை.

பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்குகின்றன. அவை குறிவைப்பது பின்னால் நிற்கும் கூட்டத்தை. முன்வரிசைக்காக மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்கள் வைப்பதுண்டு. வைத்தாலும் டிரம்ஸும் ஆம்பும் அவற்றை அமுக்கிவிடும். மேடையை நெருங்க நெருங்க விலை ஏறுகிறது, ஆனால் பாட்டு நன்றாகக் கேட்பது வேறோர் இடத்தில். நம் பர்ஸுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

அந்த இடம், எல்லா வாத்தியங்களின் ஒலியையும் கலந்து சரிசெய்யும் மிக்ஸர் கருவி இருக்கும் இடம். கூட்டத்தின் நடுவே, சற்றுப் பின்னால், நாலு பக்கமும் தடுப்பு வைத்து ஒரு மேஜை போட்டிருப்பார்கள். சவுண்ட் இன்ஜினியர் தன் காதால் கேட்டுத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அவர் காதுக்கு நன்றாக இருந்தால் பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் நன்றாகவே இருக்கும். அந்தத் தடுப்புக்கு ஒட்டி, கொஞ்சம் முன்னால் நில்லுங்கள். நான் ஒரு முறை அங்கே நின்று மேடையைவிட அந்த மேஜையையே அதிக நேரம் பார்த்தேன். மிக்ஸரின் அடியில் நீளமாக ஒரு வெள்ளை டேப், அதில் மார்க்கர் பேனாவால் கோணல் கையெழுத்தில் கிக், ஸ்நேர், பேஸ், இடது கிட்டார், குரல் என்று வரிசையாக எழுதியிருந்தது. சோலோ தொடங்க அரை நொடி இருக்கும்போதே அவர் ஒற்றை விரலால் ஒரு பித்தானை ஒரு நகக்கண் அளவு மேலே தள்ளினார். அடுத்த கணம் கிட்டார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. முடிந்ததும் அதே விரலால் கீழே இறக்கினார். முன்வரிசையில் ஆறு மணி நேரம் நின்று எனக்குக் கிடைக்காத சோலோ அந்த விரல் நுனியில் இருந்தது.

மிக்ஸர் பால்கனிக்கு அடியில் இருந்தால் மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிடுங்கள். பால்கனிக்கு அடியில் கூர்மையான ஒலிகள் மழுங்கிப்போகும். பின்சுவரை ஒட்டியும் நிற்க வேண்டாம், அங்கே பேஸின் அடி ஒலி தேங்கி நிற்கும். மூலைகள் இன்னும் மோசம். ஸ்டேடியமாக இருந்தால், நடுவே உயரமான கோபுரங்களில் கூடுதல் ஸ்பீக்கர்கள் இருக்கின்றனவா பாருங்கள். ஒலி ஒரு நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால், டிரம்மரின் குச்சி இறங்கி கால் நொடிக்கும் மேல் ஆன பிறகுதான் அடி கேட்கும். மேடை ஒலி வந்து சேரும்போதே ஒலிக்கும்படி அந்தக் கோபுர ஸ்பீக்கர்களைத் தாமதப்படுத்தி விடுவார்கள். அதனால் கோபுரத்துக்குச் சற்றுப் பின்னால் உள்ள மலிவான இடங்கள் பல சமயம் நடுத்தர விலை இடங்களைவிடத் தெளிவாகக் கேட்கும். 1965-இல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,600 பேர் வந்திருந்தார்கள். இப்படி எந்த ஏற்பாடும் கிடையாது; கூச்சலில் பேண்டுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. கச்சேரியும் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பக்கவாட்டு இருக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வை மறைக்கும் என்று சொல்லி விலை குறைத்து விற்பார்கள். திரை தெரியாது, விளக்கு வேலைப்பாடு பாதிதான் தெரியும். ஆனால் டிரம்மரின் கால்கள் தெரியும். டிரம்ஸ் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள்.

சரி, டிக்கெட்.

விற்பனை திறப்பதற்கு முந்தின நாளே ஒரு தொகையைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்: எல்லாக் கட்டணமும் சேர்த்து இதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று. மனதில் நினைத்துக்கொண்டால் போதாது. திரையில் ‘உங்களுக்கு முன்னால் 40,000 பேர்’ என்று வந்ததும் மனது பேச்சு மாற்றிவிடும். மூன்று மணி நேரம் காத்திருந்தவன், காத்திருந்ததற்காகவே இரண்டு மடங்கு கொடுப்பான். பணம் கட்டி முடிப்பதற்கான கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது கணக்குப் போட யாருக்கும் வராது.

‘எல்லாக் கட்டணமும் சேர்த்து’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2023-இல் தி க்யூர் பேண்டின் வட அமெரிக்க டூருக்கு 20 டாலர் டிக்கெட் இருந்தது. சில இடங்களில் அதன் மேல் போட்ட சேவைக் கட்டணங்களைக் கூட்டினால் டிக்கெட்டைவிட அதிகம். ரசிகர்கள் கொதித்ததும் பாடகர் ராபர்ட் ஸ்மித் வெளிப்படையாகவே கேள்வி கேட்டார். டிக்கெட்டை விற்ற டிக்கெட்மாஸ்டர் கம்பெனி மலிவு டிக்கெட்டுக்கு 10 டாலரும் மற்றவற்றுக்கு 5 டாலரும் திருப்பிக் கொடுத்தது. பாடகர் ஒருவர் வாய் திறந்தால் காசு திரும்பி வரும் என்று அன்று தெரிந்தது. இத்தனை வருடம் மற்றவர்களில் பெரும்பாலோர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் உடனே தோன்றத்தான் செய்தது.

இதில் என் கருத்து நண்பர்கள் பலருக்குப் பிடிக்காது. எல்லோரும் டிக்கெட் விற்கும் கம்பெனியைத் திட்டுகிறார்கள். திட்டலாம், தப்பில்லை. ஆனால் விலையில் பேண்டுக்கும் கை உண்டு. ஃபுகாஸி என்ற பேண்ட்காரர்கள் வருடக்கணக்காக 5 டாலர் டிக்கெட்டிலேயே வாசித்தார்கள். 1994-இல் பேர்ல் ஜாம் தங்கள் டிக்கெட்டை 20 டாலருக்குள் வைக்கப் பார்த்து, கட்டணத்துக்காக டிக்கெட்மாஸ்டரோடு மோதினார்கள். அந்த பேண்டின் ஸ்டோன் கோஸார்டும் ஜெஃப் அமென்டும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள், அந்தக் கோடை டூரே ரத்தானது. டிக்கெட்மாஸ்டர் மீது நடத்திய விசாரணையை அடுத்த வருடம் அரசு மூடிவிட்டது. அதே 1994-இல் ஈகிள்ஸ் மறுபடி ஒன்றுசேர்ந்து 100 டாலருக்கு மேல் டிக்கெட் விற்றார்கள், கூட்டம் அலைமோதியது. இந்த இரண்டில் எதை மற்ற பேண்டுகள் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காக விலை ஏறுவதெல்லாம் கொள்ளை என்று சொல்லமாட்டேன். பாட்டு விற்ற காலம் போய்விட்டது, இப்போது பேண்டுகள் சாப்பிடுவது டூரில்தான். லாரிகள், பஸ், விளக்குக்காரர், ஏற்றி இறக்கும் ஆட்கள் என்று அது ஒரு நகரும் கிராமம். விலையை முன்பே நேராகச் சொன்னால் எனக்குக் கோபமில்லை. வரிசையில் நிற்க வைத்துவிட்டு மாற்றுவதுதான் எரிச்சல். 2024-இல் ஓயாசிஸ் பேண்டின் டிக்கெட் விற்பனையில் நின்று பார்க்கும் டிக்கெட்டுகளை சுமார் 150 பவுண்டுக்கு வாங்கலாம் என்று வரிசையில் காத்திருந்தவர்களில் பலருக்குக் கடைசியில் 355 பவுண்டு காட்டியது. தேவைக்கேற்ப விலையைக் கணினி ஏற்றிவிட்டது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். பிரிட்டனின் போட்டி ஆணையம் விசாரித்தபோது கதை வேறாக இருந்தது: முதலிலேயே இரண்டு விலை வைத்திருந்தார்கள், மலிவானவை தீர்ந்ததும் மற்றதைத் திறந்தார்கள், அதை யாருக்கும் தெளிவாகச் சொல்லவில்லை. எனவே விற்பனைக்கு முன் எத்தனை விலைப் பிரிவு இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். தகவலே இல்லாவிட்டால், நீங்கள் பார்க்கும் விலை ஆரம்ப விலை மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ந்துவிட்டது என்றால்? ஒன்றும் செய்யாதீர்கள். நிஜமாகத்தான். ஒரு முறை நான் பதறிப்போய், மறுவிற்பனைத் தளம் ஒன்றில் மூன்று மடங்கு விலைக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன். கச்சேரி அன்று காலை சும்மா பார்க்கலாம் என்று அதிகாரபூர்வப் பக்கத்தைத் திறந்தால், அதே பகுதியில், எனக்கு இரண்டு வரிசை முன்னால், பழைய விலைக்கே நாலு இருக்கைகள். மேடையும் மிக்ஸரும் எங்கே எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது லாரி வந்து இறங்கும்வரை உறுதியாகாது, அதனால் சில இருக்கைகளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். மேடை கட்டி முடித்த பிறகு பார்வை மறையாத இருக்கைகளை விற்பனைக்கு விடுவார்கள். பேண்டின் விருந்தாளிகளுக்கு ஒதுக்கியவையும் கடைசியில் கொஞ்சம் வரும். அப்புறம் எனக்கு இது வழக்கமாகிவிட்டது: கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பிருந்து காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்ப்பேன். ஒரே ஒரு டிக்கெட் தேடுகிறவனுக்கு அதிர்ஷ்டம் அதிகம். நண்பர்கள் ஐந்து பேருக்குச் சேர்ந்தாற்போல் கிடைக்காது. தனியாகப் போகப் பழகுங்கள்.

பெரிய பேண்டாக இருந்தால் இரண்டாவது நாளுக்கும் காத்திருக்கலாம். முதல் நாள் விற்றுத் தீர்ந்த சூட்டிலேயே இன்னொரு தேதி அறிவிப்பார்கள். அது பெரும்பாலும் முன்பே யோசித்து வைத்ததுதான்.

‘கடைசி டூர்’ என்ற வார்த்தையைக் கண்டால் பர்ஸை இறுக்கிப் பிடியுங்கள். மாட்லி க்ரூ 2014-இல் இனி டூர் போகமாட்டோம் என்று ஒப்பந்தமே போட்டு, பத்திரிகைக்காரர்கள் முன்னால் கையெழுத்திட்டார்கள். 2015 டிசம்பர் 31 அன்று கடைசிக் கச்சேரி. 2022-இல் ஸ்டேடியம் ஸ்டேடியமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிஸ் 2000-இல் ஒரு விடைபெறும் டூர் போனார்கள், 2023 டிசம்பரில்தான் கடைசியாக விடைபெற்றார்கள். ஓஸி ஆஸ்போர்ன் 1992-லேயே இதுதான் கடைசி என்று சொன்னவர். ஆனால் அவரே 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமில் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார், அதே மாதம் 22-ஆம் தேதி இறந்துபோனார். ரஷ் பேண்டின் 2015 டூர் விடைபெறும் டூர் என்று விளம்பரமாகவில்லை. அடுத்த முறை பார்க்கலாம் என்று விட்டவர்களுக்கு, அதன் டிரம்மர் நீல் பியர்ட் வாசிக்கும் அடுத்த முறை வரவேயில்லை. அதனால் போஸ்டரைப் படிப்பதை விட்டுவிட்டு வயதைக் கணக்குப் போடுங்கள். எழுபது தாண்டியவர்களுக்கு நான் என் காகிதத்து எல்லையைக் கொஞ்சம் தளர்த்துவேன். ஐம்பது வயதுக்காரர்கள் திரும்பி வருவார்கள்.

இரண்டு நாள் டிக்கெட் எடுக்கலாமா என்பது பேண்டைப் பொறுத்தது. பேர்ல் ஜாம் ஒவ்வொரு இரவும் பாட்டுப் பட்டியலை மாற்றுவார்கள். மெட்டாலிகா 2023-இல் தொடங்கிய டூரில் ஓர் ஊரில் இரண்டு இரவு வாசித்தால் ஒரு பாட்டும் திரும்ப வராது. அயர்ன் மெய்டன் அப்படியில்லை, டூர் முழுக்க ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். ஒரு நாள் போதும். முந்தின ஊர்ப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கும், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆச்சரியம் கெட்டுவிடும் என்று பயந்தால் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காது. இதில் விளையாடாதீர்கள். 100 டெசிபலில் 15 நிமிடம் என்பதுதான் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் ஒரு நாள் எல்லை. ராக் கச்சேரி இரண்டு மணி நேரம், சத்தமும் அந்த அளவை எளிதில் தொடும். நான் இளவயதில் இயர்பிளக்கைக் கோழைத்தனம் என்று நினைத்தவன். ஒரு கச்சேரிக்குப் பிறகு மூன்று நாள் காதில் ‘கொய்ங்’ என்று ஒரே சுருதி. இரண்டு நாள் போனது, மூன்றாவது நாள் இரவு, இது போகவே போகாதோ என்று விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, போய்விட்டது. தி ஹூ பேண்டின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்டுக்குப் போகவில்லை. ஏசி/டிசியின் பிரையன் ஜான்சன் காதுக்காக 2016-இல் பாதி டூரில் விலக வேண்டியிருந்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் இயர்பிளக் காதைக் காப்பாற்றும், ஆனால் கூர்மையான ஒலிகளை அதிகமாக வெட்டிவிடும். பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இசைக்காரர்களுக்கென்று வடிகட்டி வைத்து விற்கும் வகையை வாங்குங்கள். எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். உண்மையில் பாடல் வரிகள் முன்பைவிடத் தெளிவாகவே புரியும்.

முதலில் வாசிக்கும் சின்ன பேண்டைத் தவறவிடாதீர்கள். அவர்களுக்குச் சத்தமும் குறைவு, விளக்கும் குறைவு, பாதிக் கூட்டம் இன்னும் வாசலில் நிற்கும். அதையும் மீறி யாராவது உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தால், அடுத்து அவர்கள் இருநூறு பேர் கொள்ளும் கூடத்தில் தனியாக வாசிக்கும்போது போங்கள். பெரிய பேண்டின் ஒரு டிக்கெட் காசில் ஐந்தாறு இரவு பார்க்கலாம். டி-ஷர்ட்டையும் அவர்களிடமே வாங்குங்கள். பெரிய அரங்குகள் பலவற்றில் டி-ஷர்ட் விற்பனையிலும் ஒரு பங்கு அரங்கத்துக்குப் போகிறது. சின்னக் கூடத்தில் மேஜைக்குப் பின்னால் நின்று சில்லறை எண்ணுகிறவர் அரை மணி நேரம் முன்பு பேஸ் வாசித்தவராகவே இருப்பார்.

எல்லாம் முடிந்து விளக்கு போட்டதும் வாசலை நோக்கி ஓட வேண்டாம், எப்படியும் நெரிசல்தான். மேடைப் பக்கம் போங்கள். இப்போது முன்வரிசை இலவசம். ஆட்கள் வயர் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவசரமில்லாதவராகப் பார்த்து, தரையில் ஒட்டியிருக்கும் பாட்டுப் பட்டியலைப் பணிவாகக் கேளுங்கள். பாதி நேரம் கொடுப்பார்கள். என்னிடம் இருப்பதில் ஏழாவது பாட்டை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறொரு பெயரைக் கையால் எழுதியிருக்கிறார்கள். கீழே ஒரு ஷூ தடம். டேப் இன்னும் ஒட்டுகிறது.