இருண்ட சிறுகதையில் நல்ல முகத்தை எழுதுவது எப்படி?

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்), கிளுவை வேலிக்கு நடுவே தனிச் சாளையில் (காட்டு வீட்டில்) வாழும் ஓர் அப்பத்தாவைக் கொலைகாரியாகக் காட்ட விரும்பினால், அவருடைய விருந்தோம்பலை நடிப்பாக அல்லாமல் உண்மையாகவே எழுதுங்கள். "வா கண்ணு, மோர் குடிச்சுட்டுப் போ" என்பதில் பாசம் இருந்தால்தான் பிற்பாடு திகில் பிறக்கும். வீட்டுக் கிணறு நிறைந்திருந்தும் அவர் தொலைவிலிருந்து குடத்தில் நீர் சுமந்து வருவதைப் போகிறபோக்கில் சொல்லி, கிணற்றில் உப்புத் தண்ணீர் என்ற காரணத்தையும் அவர் வாயாலேயே உடனே கொடுத்துவிடுங்கள், ஏனெனில் காரணம் கிடைத்துவிட்ட துப்பை வாசகர் ஐயுறுவதில்லை. பின்னர் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அந்தக் கிணற்று நீரின் சுவையைப் புகழட்டும், விளக்கம் வேண்டாம். பாத்திரம் பொய் சொல்லலாம், கதைசொல்லி சொன்னால் அது வெறும் ஏமாற்று. கதை முடிவில் போலீஸ் வருகையும் வாக்குமூலமும் இருந்தால், நானாக இருந்தால் அவற்றை வெட்டிவிடுவேன்.