வீட்டில் டிரம்ஸ் ரெக்கார்டிங்: மைக் வைப்பதில் நடக்கும் தவறுகள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுப் பத்துக்குப் பத்து அறையில் முதன்முதலாக டிரம்ஸ் பதிவு செய்தபோது ஏழு மைக் வைத்தோம். கேட்டுப் பார்த்தால் ஸ்நேர் (வாசிப்பவரின் முன்னால், ‘டப்’ என்று அறையும் சின்ன டிரம்) தகர டப்பா மாதிரி இருந்தது. நான்கைக் கழற்றிய பிறகுதான் அதற்கு உயிர் வந்தது.

அதனால், ஏழு மைக் சேர்ந்த மலிவான செட்டை வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் உருப்படியாக மூன்று போதும்: கிக்குக்கு (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஒரு டைனமிக் (பலத்த சத்தம் தாங்கும் முரட்டு மைக்), செட்டுக்கு மேலே ஓவர்ஹெட்டாக ஒரே மாடலில் இரண்டு கண்டென்சர் (நுணுக்கமாக ஒலி பிடிக்கும், மின்சாரம் தேவைப்படும் மைக்). நாலாவதாக ஸ்நேருக்கு ஒன்று வேண்டுமானால் ஷூர் எஸ்எம்57. 1965-இல் வந்த மைக், ஸ்டிக் தவறிப் பட்டாலும் தாங்கும். ஆனால் தொய்ந்துபோன டிரம் தோலை எந்த மைக்கும் காப்பாற்றாது. முதலில் டியூன் செய்யுங்கள்.

ஓவர்ஹெட்டைக் கண்ணளவில் வைப்பதுதான் பெரிய தவறு. நம் ஊர் வெயிலில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 35 செ.மீ. போகும். ஸ்நேரிலிருந்து ஒரு மைக் 90 செ.மீ., மற்றது 107 செ.மீ. என்றால் அரை மில்லிசெகண்ட் வித்தியாசம். இரண்டையும் சேர்க்கும்போது 1000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்நேர் சோகை பிடித்து ஒலிப்பது இதனால்தான். பூ கட்டும் நூல் போதும். ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை முதல் மைக் வரை இழுத்து அங்கே முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு இரண்டாவது மைக்கையும் தொட வேண்டும். அப்புறம் இரண்டு மைக்கின் ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து, மோனோவில் கேளுங்கள். ஸ்நேர் கனம் குறையாமல் நின்றால் சரி.

உயரமும் முக்கியம். ஃபிளாட்டில் கூரை பத்தடிதான். மைக்கை ஏற்றிக்கொண்டே போனால் காங்கிரீட்டில் பட்டுத் திரும்பும் ஒலியும் உள்ளே வரும். சிம்பலுக்கு மேலே மூன்றடி போதும். மொசைக் தரையில் ஜமுக்காளம், சுவரில் சாய்த்த பஞ்சு மெத்தை, இரண்டுமே நிஜமாகவே உதவும். ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். வேர்க்கும், பரவாயில்லை, ஒரு டேக் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் போட்டுக்கொள்ளலாம்.

கிக் மைக்கை அதன் முன்தோலில் உள்ள துளைக்கு நேரே வைத்தால் காற்று ‘புஸ்’ என்று அடிக்கும். கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். ஸ்நேருக்கு அடியிலும் மைக் வைத்தால் அதன் போலாரிட்டியை, அதாவது ஒலியலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாகத் திருப்ப மறக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் கண்டென்சரை ஸ்டாண்டிலேயே விடாதீர்கள், கடற்காற்றின் ஈரம் அதற்கு ஆகாது. அதற்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள்.